வந்ததுதான் வந்தோம்

புதூர்நாட்டு மலையில் யாருக்குப் பல் வலித்தாலும் அது ஒரு பல்லோடு போகாது. மலைக்காரனுக்குத் திருப்பத்தூருக்கு இறங்குவது என்றால் ஒரு முழு நாள். ஜீப்புக்குக் காத்திருக்க வேண்டும், வளைவுகளில் குலுங்க வேண்டும், ஊர் திரும்புகிற ஜீப் விட்டுவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகையால் இறங்குகிறவன் சகல காரியத்தையும் முடித்துக்கொண்டுதான் ஏறுவான். ஆதார் திருத்தம், மாமியாருக்குக் கண்ணாடி, செல்போனுக்குப் புது டிஸ்ப்ளே, ஆட்டுக்குப் பூச்சி மருந்து. பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தாலும் அதே கணக்குதான். வலிக்கிற பல்லைக் காட்டிவிட்டு, வந்ததுதான் வந்தோம், பக்கத்துல இருக்கறதையும் பாத்து புடுங்கிடுங்க என்பான். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிப்பதில் எங்கள் மலையை மிஞ்ச ஆள் கிடையாது. அந்த இரண்டாவது மாங்காய் சில சமயம் அடித்தவன் மண்டையிலேயே விழும். அதை மட்டும் யாரும் வெளியில் சொல்ல மாட்டார்கள்.

எல்வினுக்கு அது தெரியும். தெரிந்தும் ஒன்பது வருடமாக வாயைத் திறக்கவில்லை. இப்போது வாயைத் திறக்க நினைத்தாலும் இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு மேல் திறக்கவில்லை. இடது பக்கம், கீழே, கடைசியில் இருக்கிற ஞானப்பல் வீங்கி நின்றது. எச்சில் விழுங்கினால் காதுக்குள் குத்தியது.

எல்வினுக்கு முப்பத்துமூன்று வயது. அவன் அப்பா மிஷன் ஹாஸ்டலில் சமையல் வேலைக்கென்று அடிவாரத்திலிருந்து மலையேறி வந்தவர். வந்தவர் இறங்கவே இல்லை. எல்வின் புதூர்நாட்டுக்கும் திருப்பத்தூருக்கும் இடையே ஜீப் ஓட்டுகிறான். அது வயிற்றுக்கு. ஞாயிறும் திருவிழாவும் கல்யாணமும் வந்தால் லூர்து மாதா பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதுகிறான். அது அவனுக்கு. இரண்டில் எதை விடச் சொன்னாலும் ஜீப்பைத்தான் விடுவான் என்று அவன் மனைவி மெர்சிலின் சொல்லுவாள். அவள் அங்கன்வாடி டீச்சர். ஆளை எடைபோடத் தெரிந்தவள்.

இப்படி வீங்குவது வருடத்தில் இது மூன்றாம் தடவை. முதல் தடவை செப்டம்பரில், மாதா பிறந்த நாள் தேர்பவனிக்கு நான்கு நாள் முன்னால். இரண்டாம் தடவை கிறிஸ்துமஸ் நெருக்கத்தில். இரண்டு தடவையும் கிராம்பும் உப்புத் தண்ணீரும் ஆரம்ப சுகாதார நிலையத்து மாத்திரையுமாக ஓட்டிவிட்டான். மூன்றாவது தடவை சாம்பல் புதனுக்கு முந்தைய சனிக்கிழமை பிடித்தது. செட்டில் எல்லோருக்கும் இதில் ஒரே சந்தோஷம்.

சந்தோஷப்படக் காரணம் இருந்தது. சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை தவக்காலம். கோயிலில் கல்யாணம் கிடையாது, திருவிழா கிடையாது. சாவு விழுந்தால் போக வேண்டும்; அதற்கு டிரம்மும் கிளாரினெட்டும் போதும். ஆக அந்த நாற்பது சொச்ச நாளும் டிரம்பெட்காரன் உதட்டுக்கு லீவு. அதனால் செட்டில் யாருக்கு உடம்பில் என்ன கோளாறு இருந்தாலும், குடலிறக்கமோ கண்புரையோ, எல்லாவற்றையும் தவக்காலத்துக்கென்று தள்ளிப்போட்டு வைப்பார்கள். பேண்டுக்காரனுக்குத் தவக்காலத்தில் நோவு வந்தால் அது மாதா கொடுத்த வரம் என்பார் செட்டு மாஸ்டர் ராஜாக்கண்ணு. அவர் கோயிலுக்குப் போகிறவர் இல்லை. ஆனால் மாதாவின் காலண்டர் அவருக்கு அத்துப்படி.

ராஜாக்கண்ணு வீட்டுக்கே வந்து, மேலே கீழே இடது வலது என்று நான்கு ஞானப்பல்லையும் ஒரே இருப்பில் எடுத்துப்போடச் சொன்னார். நாற்பது நாளில் புண் ஆறிவிடும், ஈஸ்டருக்கு ஜம்மென்று ஊதலாம், மே மாதத்தில் பதினான்கு கல்யாணம் இருக்கிறது, அதன் நடுவில் மூஞ்சி வீங்கினால் செட்டே சிரிப்பாய்ச் சிரித்துப்போகும் என்றார். மெர்சிலினும் அதையேதான் சொன்னாள். நனைந்தாச்சு, இனி முக்காடு எதுக்கு என்று கேட்டாள். அவர்கள் சொன்னதில் தப்பும் இல்லை. மூன்று தடவை வீங்கின பல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஒன்றும் சொல்லாதவன் எல்வினின் அண்ணன் ஜேம்ஸ் ஒருவன்தான். ராஜாக்கண்ணு பேசப் பேச, இடித்த புளி மாதிரி சுவரோரம் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். இரண்டு மடக்குக்கு ஒரு தடவை தோளில் கிடந்த துண்டை எடுத்து உதட்டின் இடது ஓரத்தைத் துடைத்தான். ஒழுகினாலும் துடைப்பான், ஒழுகாவிட்டாலும் துடைப்பான். ஒழுகுகிறதா இல்லையா என்று அவனுக்குத் தெரியாது. அந்த உதட்டில் ஒன்பது வருடமாக உணர்ச்சி இல்லை.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் செட்டில் டிரம்பெட் ஜேம்ஸுடையது. படவேட்டுப் பக்கத்திலிருந்தெல்லாம் வந்து, ஜேம்ஸ் ஊதுவதாக இருந்தால்தான் செட்டு என்று பேசி முடிப்பார்கள். எல்வினுக்கு அப்போது சிம்பல். இரண்டு பித்தளைத் தட்டைப் பிடித்துக்கொண்டு கடைசி வரிசையில் நடப்பான். அந்த வருடத் தவக்காலத்தில் ஜேம்ஸுக்கு வலது பக்க ஞானப்பல் சொத்தையாகி வலி எடுத்தது. எல்வின்தான் ஜீப்பில் கூட்டிக்கொண்டு இறங்கினான். கீழே ஏதோ ஒரு டாக்டர், பேர் இப்போது எதற்கு, எக்ஸ்ரே எல்லாம் எடுக்காமலே வலது பல்லைப் பிடுங்கினார். இடது பக்கமும் ஒன்று சாய்ந்து கிடக்கிறது, அதையும் எடுத்துவிடலாமா, இல்லை வலிக்கும்போது இன்னொரு நாள் வருகிறீர்களா என்று கேட்டார். ஜேம்ஸ் வாயில் பஞ்சோடு எல்வினைப் பார்த்தான். எல்வினுக்கு மறுநாள் விடியற்காலையில் புளி லோடு இருந்தது. அதற்கடுத்த நாள் பள்ளிக்கூட டீச்சர்களைக் கூட்டிப்போகிற சவாரி. இன்னொரு நாளாவது, ஒன்றாவது.

"வந்ததுதான் வந்தோம்ணா. அதையும் எடுத்துடலாம்" என்றான்.

அவ்வளவுதான். வலிக்காத பல் போனது. அதோடு உதடும் போனது. ஆறு மாதத்தில் திரும்பிவிடும் என்றார்கள். பலபேருக்குத் திரும்புமாம். ஜேம்ஸுக்குத் திரும்பவில்லை. ஆறு மாதமும் அவன் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் நின்று ஊதிப் பார்த்தான். இடது ஓரத்தில் காற்று கசிந்தது. கசிவது அவனுக்கே தெரியவில்லை, சத்தத்தில்தான் தெரிந்தது. ஏழாவது மாதம் டிரம்பெட்டைத் துடைத்து, துண்டில் சுற்றி, எல்வின் மடியில் வைத்தான். அப்புறம் எல்வினின் சிம்பலை எடுத்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போய்விட்டான்.

டிரம்பெட் மடியில் வந்து விழுந்தபோது எல்வினுக்கு அழுகை வந்தது. உள்ளே ஓரமாக ஒரு சந்தோஷமும் வந்தது. அதை மறைத்துப் பயனில்லை. அவன் தனக்குத்தானே எத்தனையோ முறை மறைத்துப் பார்த்துவிட்டான். அன்று முதல் ஒவ்வொரு தேர்பவனியிலும் அவன் முன்னால் நின்று ஊதுகிறபோது, பின்னால் அந்தத் தட்டு மோதும் சத்தம் சரியாக அவன் பிடரியில் வந்து விழும். ஜேம்ஸ் ஒரு தடவைகூட அடி தவறியதில்லை. ஒரு தடவைகூட அந்த நாளைப் பற்றிப் பேசியதுமில்லை. பேசித் தொலைத்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

இப்போது அதே இடது பக்கம், அதே கடைசிப் பல், அதே தவக்காலம். எடுக்காவிட்டால் மே மாதம் போகும். எடுத்து, அண்ணனுக்கு ஆனது தனக்கும் ஆனால் டிரம்பெட்டே போகும். ஐந்து நாள் மாத்திரையில் வீக்கம் வடிந்த பிறகு, வியாழக்கிழமை காலை எல்வின் ஜீப்பை எடுக்கப் போனான். முன்சீட்டில் ஜேம்ஸ் உட்கார்ந்திருந்தான்.

திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பல் ஆஸ்பத்திரி. டாக்டர் பேர் இஃப்ரா. வாணியம்பாடிப் பெண், தினமும் பஸ்ஸில் வந்துபோகிறவள். போன வருடம் புதூர்நாட்டுக்குப் பல் முகாமுக்கு வந்திருந்தாள். அன்று ஒரே நாளில் முப்பது பேர், வலிக்கிற பல்லும் வலிக்காத பல்லுமாகப் பிடுங்கச் சொல்லி வரிசையில் நின்றதை அவள் மறக்கவில்லை. எல்வின் ஊர்ப் பேரைச் சொன்னதுமே, எத்தனை பல் எடுக்கணும்னு முடிவு பண்ணிட்டுத்தானே வந்திருக்கீங்க என்று கேட்டாள். எல்வின் நாலு என்று சொல்ல வெட்கப்பட்டுச் சும்மா இருந்தான்.

முழு வாய்க்கும் சேர்த்து ஒரே எக்ஸ்ரே எடுத்து, கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டினாள். வலது பக்கத்து இரண்டு பல்லும் எலும்புக்குள் நிம்மதியாகத் தூங்குகின்றன. அவற்றைத் தொடவே வேண்டாம் என்றாள். இடது கீழ்ப் பல் பாதிதான் வெளியே வந்திருக்கிறது. மீதிப் பாதியை ஈறு மூடியிருக்கிறது. அந்த மூடியின் இடுக்கில் சோறு தங்கித்தான் சீழ் பிடிக்கிறது.

"வலிக்குதுங்கறதுக்காக எடுக்கணும்னு இல்லீங்க. வலிக்கலைங்கறதுக்காக வுட்டுடணும்னும் இல்ல. சொத்தை கீதா, பக்கத்துப் பல்லைக் கெடுக்குதா, அடியில கட்டி கீதா, சீழ் திரும்பத் திரும்ப வருதா, இதையெல்லாம் பாத்துத்தான் முடிவு பண்ணணும்" என்றாள் இஃப்ரா.

சீழ் மூன்று தடவை வந்துவிட்டதே என்றான் எல்வின். வந்ததுதான், படித்த கணக்குப்படி பார்த்தால் எடுக்க வேண்டிய பல்தான் என்று அவள் ஒத்துக்கொண்டாள். பிறகு பேனா முனையால் திரையில் ஒரு கோட்டைக் காட்டினாள். கீழ்த்தாடைக்குள் ஓடுகிற நரம்பு. கீழ் உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி கொடுப்பது. பல்லின் வேர் அந்த நரம்பின் மேலேயே உட்கார்ந்திருந்தது. பிடுங்கும்போது நரம்பு நசுங்கினால் உதடு மரத்துப்போகலாம், அனேகம் பேருக்குச் சில மாதத்தில் சரியாகிவிடும், ஒரு சிலருக்குச் சரியாகாது என்று சொல்லிவிட்டு, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டாள்.

எல்வின் ஜீப் என்று சொல்லவில்லை. டிரம்பெட் என்றான்.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். அப்போதுதான் சுவரோரம் உட்கார்ந்திருந்த ஜேம்ஸைக் கவனித்தாள். நர்ஸ் கொடுத்த டீ அவன் மோவாயில் வழிந்து சட்டைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அவன் அதை அறியாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். இஃப்ரா எழுந்துபோய், அவன் உதட்டின் இரு ஓரத்தையும் பஞ்சால் தொட்டு, தெரிகிறதா தெரிகிறதா என்று கேட்டாள். எத்தனை வருடம், எந்தப் பல் என்று விசாரித்தாள். ஜேம்ஸ் சொன்னான். வலது பக்கம் வலி, அதனால் வலதை எடுத்தார்கள். உதடு போனது இடது பல்லை எடுத்ததில்.

"இடது பக்கம் வலிச்சுதா?" என்று கேட்டாள் இஃப்ரா.

"இல்ல மேடம்."

"அப்புறம் ஏன் எடுத்தீங்க?"

ஜேம்ஸ் துண்டால் வாயைத் துடைத்தான். ஒன்பது வருடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்காமல் இருந்ததே ஆச்சரியம்தான். நாற்காலியில் சாய்ந்திருந்த எல்வின் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"நான்தான் மேடம் சொன்னேன். எனக்கு மறுநாள் லோடு இருந்துச்சு. இன்னொரு வாட்டி இறங்கணுமேன்னு நான்தான் எடுக்கச் சொன்னேன். அண்ணன் சொல்லல" என்றான்.

சொன்னதும் நெஞ்சு லேசாகும் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தான். ஆகவில்லை. அண்ணன் முகத்தைப் பார்க்க முடியாமல் திரையில் இருந்த தன் பற்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து மெர்சிலின் போன் செய்தாள். என்ன ஆச்சு என்று கேட்டுவிட்டு, வந்ததுதான் வந்தீங்க, முடிச்சுட்டே வந்துடுங்க என்றாள். எல்வின் சரி என்று சொல்லிப் போனை வைத்தான்.

இஃப்ரா அவளுடைய முடிவைச் சொன்னாள். இடது மேல் ஞானப்பல் இறங்கி வந்து, வாயை மூடுகிற ஒவ்வொரு தடவையும் கீழே இருக்கிற அந்த ஈற்று மூடியைக் கடிக்கிறது. புண் அதனால்தான் ஆறுவதில்லை. கடிக்கிறவன் மேலே இருக்கிறான், கத்துகிறவன் கீழே இருக்கிறான் என்றாள். மேல் பல்லை எடுப்பது சுலபம், அங்கே இந்த நரம்பு இல்லை. அதை எடுத்துவிட்டு, கீழே மூடிக்கடியில் கழுவிவிட்டு, மூன்று மாதம் பார்க்கலாம். வீக்கம் வராவிட்டால் கீழ்ப் பல் அது பாட்டுக்குக் கிடக்கட்டும். மறுபடி வந்தால் வேலூருக்கு எழுதித் தருகிறேன், வேரை விட்டுவிட்டுத் தலையை மட்டும் அறுத்தெடுக்கிற முறை ஒன்று இருக்கிறது என்றாள். கீழ்ப் பல்லை இன்றைக்கே முழுசாக எடுக்கத்தான் வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு, அறுவை டாக்டர் சிவசங்கர் வியாழக்கிழமைதோறும் இரண்டு மணிக்கு வருவார். ஆனால் நான் எடுக்கச் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னாள்.

மறுபடி வராது என்று உறுதி உண்டா என்று கேட்டான் எல்வின். உறுதி கிடையாது, மே மாதத்திலேயே வரலாம், வந்தால் இன்னொரு தடவை இறங்க வேண்டியதுதான் என்று அவள் மழுப்பாமல் சொன்னாள்.

எல்வின் யோசித்தான். யோசித்தான் என்று சொல்வதும் சரியில்லை. அண்ணன் உதட்டை வாங்கினவன் தன் உதட்டைப் பத்திரப்படுத்த எக்ஸ்ரேயும் மூன்று மாதத் தவணையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே என்று அவனுக்கு அவன்மேலேயே கோபம் வந்தது. போகிறதென்றால் தனக்கும் போகட்டும், கணக்கு நேராகட்டும் என்று தோன்றியது. பைத்தியக்காரக் கோபம்தான். ஆனால் அது உண்மையான கோபம்.

"ரெண்டையும் எடுத்துடுங்க மேடம். போனா போகுது" என்றான்.

"வேணாம் மேடம்" என்றான் ஜேம்ஸ். குரலை உயர்த்தவில்லை. எழுந்து நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றான். "மேல் பல்லு மட்டும் எடுங்க. மறுபடி வலிச்சா இன்னொரு வாட்டி வர்றோம்."

எல்வின் ஏதோ சொல்ல வாயெடுத்தான். இஃப்ரா அந்தத் திறந்த வாயிலேயே ஊசியைப் போட்டுவிட்டாள். கால் மணி நேரத்தில் மேல் ஞானப்பல் ஒரு கிண்ணத்தில் கிடந்தது. அத்தனை ஆர்ப்பாட்டம் பண்ணின பல், பார்த்தால் ஒரு புளியங்கொட்டை அளவுகூட இல்லை. கீழே ஈற்று மூடிக்கடியில் மருந்துத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினாள். பஞ்சை நன்றாகக் கடித்துக்கொள்ளச் சொன்னாள். முக்கால் மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாது, பேசக் கூடாது. இரண்டு வாரம் டிரம்பெட்டைத் தொடக் கூடாது. அடுத்த வியாழக்கிழமை வந்து காட்ட வேண்டும். அடுத்த வியாழக்கிழமை என்று கேட்டதும் வழக்கமாக மலைக்காரன் முனகுவான். எல்வின் தலையை ஆட்டினான்.

திரும்பும்போது சவாரி ஏற்றவில்லை. எல்வினால் பேச முடியாது, ஜேம்ஸ் பேசுகிறவன் இல்லை. முதல் வளைவு ஏறி, இரண்டாவது ஏறி, புளியமரங்களில் ஆட்கள் ஏறி உலுக்கிக்கொண்டிருந்த இடமும் தாண்டியது. ஜேம்ஸ் துண்டை எடுத்து உதட்டைத் துடைத்தான்.

"அன்னிக்கு டாக்டர் கேட்டப்போ நான் உன்னப் பாத்தேன் பாரு" என்றான். "எடுக்கட்டுமான்னு கேக்கறேன்னு நெனச்சுக்கின. நான் அதுக்குப் பாக்கல. வாயில பஞ்சு. இன்னொரு வாட்டி வரலாம்ணான்னு நீ ஒரு வார்த்தை சொல்லுவேன்னு பாத்துனு இருந்தேன்."

எல்வின் பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்தான். வாயைத் திறந்தால் ரத்தம் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தாள். கண் கலங்கிப் பாதை தெரியாமல் போகவே, வளைவுக்கு முன்னால் ஜீப்பை ஓரம் கட்டினான்.

ஜேம்ஸ் அவனை அவசரப்படுத்தவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து, தான் வாய் துடைக்கிற பக்கத்தை உள்ளே மடித்து, சுத்தமான பக்கம் மேலே வரும்படி தம்பியிடம் நீட்டினான்.

"இன்னும் பத்து நிமிஷம் கீது. நல்லா கடி" என்றான். "வியாழக்கிழமை லோடு எதுவும் ஒத்துக்காத. நானும் வர்றேன்."